மேசைமேல் இரண்டு கமராக்கள்

மடுல்சீமையில் காகிதத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பவர் எவரோ, அவர் அந்த ஊருக்குப் புதியவர் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். பதுளையிலிருந்து பசறை வழியாக மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிவரும் வீதி களைத்து மூச்சுவாங்கும் உயரத்தில் இருக்கிறது அவ்வூர். அதற்கப்பால் பிட்டமாருவைப் பக்கம் போனால் மலை திடீரென்று முடிந்துவிடுகிறது. அந்த விளிம்புக்குச் ‘சின்ன உலகமுடிவு’ என்று பெயர். உலகம் முடிகிற இடத்தில் காற்றைத் தடுத்து நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் அந்தப் பக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, ஊவாப் பக்கத்துக்கு வறண்ட காற்றாக வந்து சேரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்பு உண்டாவது இந்தக் காற்றினாலேதான். கொழுந்துக்கு மணத்தைக் கொடுக்கிற காற்று, கந்தோர்க் காகிதத்துக்குச் சிறகைக் கொடுத்துவிடுகிறது. ஆகையினால் மடுல்சீமையில் பாரம் வைக்கப்படாத காகிதம் எதுவும் அதன் சொந்தக்காரருக்கு உரியதன்று, காற்றுக்கே உரியது.

அவ்வூர்க் கடைவீதிக்குச் சற்று மேலே, ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவருடைய வீட்டில், ஜன்னலோரமாக ஒரு மேசை இருக்கிறது. மின்சாரப் பட்டியல், மருந்துச் சீட்டு, ஓய்வுக்காலக் கணக்கு ஆகிய காகிதங்கள் அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் பாரமாக இருப்பது ஒரு பழைய மடக்குக் கமரா. பக்கத்திலேயே அவருடைய பேத்தியின் கைத்தொலைபேசி கிடக்கிறது. அதற்குள்ளும் கமரா உண்டு. முதுகில் மூன்றும் முகத்தில் ஒன்றுமாக நான்கு கண்கள். எதிரும் புதிருமாக இருக்கும் இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் நேயர்களுக்குச் சிறிது பொழுதுபோகும்.

முதலில் இரண்டின் நடையுடை பாவனைகளைக் கவனிக்கலாம். பழைய கமரா மேசைமேல் அமர்ந்திருக்கிறது; புதியது படுத்திருக்கிறது. பழையது, கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, துரை கூப்பிடும்வரை வாய் திறவாத அந்தக் காலத்துப் பெரிய கிளாக்கரைப் போலத் தோலுறைக்குள் அடக்கமாக இருக்கும். கூப்பிட்டாலும் உடனே வந்துவிடாது. உறையின் கொக்கியைக் கழற்றி, முன்பலகையைத் திறந்து, ஆர்மோனியத் துருத்தி போன்ற கறுப்பு மடிப்பை இழுத்து நிறுத்திய பிறகுதான் அது கண்ணைத் திறக்கச் சம்மதிக்கும். புதியதோ மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் தொடாமலே திடுக்கிட்டு விழிக்கும், நடுங்கும், பாடும், ஒரு நிமிடம் கவனிக்காமல் விட்டால் உறங்கிப்போகும். காகிதத்துக்குப் பாரமாக இதையும் ஒருநாள் வைத்துப் பார்த்தார்கள். வைத்த ஐந்தாம் நிமிடத்தில் யாரோ அழைத்தார்கள். அது துடித்துத் துடித்து நகர்ந்து, காகிதத்தையும் கூட்டிக்கொண்டு மேசைக்குக் கீழே இறங்கிவிட்டது. பாரம் சுமக்கிற விஷயத்தில் பழைய கமராவுக்கு நிகரில்லை என்பதை எதிர்க்கட்சியாரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்திலும் பழையது சந்நியாசி. ஒரு சுருள் கொடுத்தால் எட்டுப் படம் தரும்; கொடுக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்கும்; முறைப்பாடு இல்லை. புதியது பால்குடி மறவாத பிள்ளை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சுவரோடு சேர்த்து வைத்து ஊட்டவேண்டும். மலைப்பக்கத்தில் மழை பிடித்து மின்சாரம் நின்றுவிட்டால் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததுபோல ஒரு கலவரம் உண்டாகிறது.

நோய் வந்தபோது மாத்திரம் இரண்டும் ஒரே வைத்தியரிடம் போகின்றன. மலைநாட்டு மூடுபனியின் ஈரம் பழைய கமராவின் கண்ணாடியில் பூஞ்சணத்தை வளர்த்துவிடும். சிலந்தி வலை பின்னியதுபோல் கண்ணாடிக்குள் அது படர்ந்துவிட்டால், எடுக்கும் படத்திலெல்லாம் ஆவணி மாதத்திலும் மார்கழிப் பனி பெய்யும். வெப்பநாடுகளில் கமரா வைத்திருந்தோர் இதற்குக் கண்ட கைமருந்து இரண்டு: ஒன்று வறுத்த அரிசி, மற்றது நன்றாக உலர்த்திய தேயிலை. தகர டப்பாவில் இவற்றுள் ஒன்றைப் போட்டு, அதனோடு கமராவையும் வைத்து மூடிவிட்டால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மடுல்சீமையில் இந்த மருந்துக்குப் பஞ்சமேது? இக்காலத்துக் கைத்தொலைபேசி பீலித் தண்ணீரில் விழுந்தாலும் வீட்டார் அதை நேரே கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைக்கிறார்கள். அரிசி வைத்தியத்தால் கேடுதான் விளையும் என்று அதைச் செய்து விற்கிறவர்களே சொல்லியும் கேட்பாரில்லை. அன்றைக்கு மாமியார் வறுத்தார், இன்றைக்கு மருமகள் வறுக்காமல் போடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொழில் முறையைப் பார்த்தால் பழையதற்கு ஒரே தொழில். அதற்கு மணி பார்க்கத் தெரியாது. வழி சொல்லத் தெரியாது. வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறதென்று சொல்லி மனத்தைப் புண்படுத்தவும் தெரியாது. படம் எடுக்கமட்டும் தெரியும். அதையும் எடுக்கிறவனுக்குத் தெரிந்தால்தான் தெரியும். எதிரே நிற்பவர் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறார் என்று உத்தேசமாகக் கணக்கிடவேண்டும். வெயிலை அளக்கவேண்டும். பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடித் துவாரத்தில் அடுத்த எண் வரும்வரையில் சுருளைத் திருகவேண்டும். திருக மறந்தால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் ஏறிக்கொள்ளும். இந்த மேசையிலுள்ள கமராவே ஒரு முறை பங்களாவின் நாயையும் பெரிய கணக்கப்பிள்ளையையும் ஒன்றாக்கிவிட்டது. கழுவி வந்த படத்தில் நாயின் உடலும், அதற்குமேல் தலைப்பாகையும் இருந்தன. பிரட்டுக் களத்தில் நின்று அதைப் பார்த்த சிலர், கமரா பொய் சொல்லாது என்று முணுமுணுத்ததாகவும் பேச்சுண்டு.

புதியதற்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. விளக்கு, மணிக்கூடு, கணக்குப் பொறி, பஞ்சாங்கம், வானொலி என்று அதற்கிருக்கும் வேலைகளில் படம் எடுப்பதும் பத்தோடு பதினொன்று. தூரத்தையும் வெளிச்சத்தையும் தானே அளந்துகொள்கிறது. முகம் கறுத்திருந்தால் வெளுக்கிறது. சுருக்கம் இருந்தால் துடைக்கிறது. இதைக் கேட்டு முதியோர் வியக்கவேண்டியதில்லை. கூர்மையான பென்சிலைக் கொண்டு முகத்துத் தழும்பை மறைத்து, ஐம்பது வயதுக்காரரை முப்பது வயதாக்கிக் கொடுத்த படக்காரர்கள் பதுளை நகரத்திலும் இருந்தார்கள். அதற்குத் தனிக் கூலியும் வாங்கினார்கள். புதியது இலவசமாகப் பொய் சொல்கிறது. பழையது காசு வாங்கிக்கொண்டு சொன்னது. ஆனால் எட்டுப் படங்களுக்குமேல் இல்லையென்று தெரிந்தவன் எதைப் படமெடுப்பது என்று எட்டு நாள் யோசித்தான். இன்றைக்கு ஒரு தட்டுச் சோற்றுக்குப் பதினேழு படம் எடுக்கிறார்கள். பதினேழாவது படம் முடியும்போது சோறு ஆறிவிடுகிறது. கறியின்மேல் ஈயும் வந்து அமர்ந்து, பதினெட்டாவது படத்துக்குத் தயாராகிறது.

கமரா என்ற சொல்லுக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. இலத்தீன் மொழியில் அதற்கு அறை என்று பொருள். இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துவாரமிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இதை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு அல் ஹைதம் என்னும் அரபு அறிஞர் ஆராய்ந்து எழுதிவைத்தார். அந்த இருட்டறைதான் காலப்போக்கில் சிறுத்துச் சிறுத்துப் பெட்டியாகி, ‘அறை’ என்ற பெயரைமட்டும் விடாமல் பற்றிக்கொண்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. அதே இலத்தீன் சொல் போர்த்துக்கீசர் வாய்வழியாகவும் இலங்கைக்கு வந்திறங்கியது. சிங்களத்தில் அது ‘காமரய’ ஆயிற்று. தோட்டத்துத் தமிழில் ‘காம்பரா’ ஆயிற்று. லயத்துக் காம்பராவும் மேசைமேலிருக்கும் கமராவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்புவது கடினம். ஆயினும் உண்மை அதுவே. மேசை என்ற சொல்லும் போர்த்துக்கீசர் தந்ததுதான். மேசை என்ற பொருள்மட்டும் அந்தக் காம்பராவுக்குள் வந்து சேரவில்லை.

சொல்லளவில் நிற்காமல் செயலளவிலும் இந்த உறவு உண்டு. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள அந்த ஒற்றை அறைக்குப் பெரும்பாலும் ஜன்னல் கிடையாது. எல்லாரும் மலைக்குப் போனபின் கதவைச் சாத்திவிட்டால் நடுப்பகலும் நள்ளிரவுதான். காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் படுத்திருக்கும் பிள்ளை, கதவுத் தகரத்தில் ஆணி போன துவாரத்தின் வழியே வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். வெளியே வெயில் நன்றாக இருந்தால் எதிர்ச்சுவரில் தேயிலை மலை தலைகீழாகத் தொங்கும். அதன்மேல் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் கால் மேலாக நடப்பார்கள். உலகத்தின் முதற் கமராவுக்குள்ளேயே பல தலைமுறைகள் குடியிருந்திருக்கின்றன. வாடகை வாங்காமல் குடியிருத்தினார்கள் என்பதைத் தோட்டத்துக் கணக்குப் புத்தகம் பெருமையோடு சொல்லும்.

ஆனால் கமராவுக்குள் குடியிருப்பது வேறு. கமராவைக் கையில் வைத்திருப்பது வேறு. மேசை யாரிடம் இருந்ததோ அவரிடந்தான் கமராவும் இருந்தது.

1875ஆம் ஆண்டில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாது தம் கணவரோடு இலங்கையில் குடியேறினார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், 1830களின் கோல்புறூக்–கமரன் விசாரணைக்குழுவிலே பெயர்பெற்றவர். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு உடைமைக்காரர். அம்மையார் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில் மகளும் மருமகனும் பொழுதுபோக்குக்கென்று கொடுத்த கமராவை வைத்துக்கொண்டு, அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த முகப்படக்காரர்களுள் ஒருவராக உயர்ந்தவர். அவருடைய கமராவை மேசைமேல் வைப்பதென்றால் மேசையில் வேறொன்றும் வைக்க இடமிராது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி உப்பில் நனைத்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன்னே கழுவியும் முடிக்கவேண்டிய காலம் அது. இலங்கை வெயிலில் ஈரம் காய எவ்வளவு நேரம் பிடிக்கும்! படத்துக்கு அமர்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். இங்கிலாந்தில் அவருக்குமுன் அப்படி அமர்ந்தவர்கள் கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின், வானியல் அறிஞர் ஹெர்ஷல் ஆகியோர். இலங்கையிலோ களுத்துறைப் பக்கத்துக் குடியானவர்களும் தோட்டத் தொழிலாளரும் அமர்ந்தார்கள். அம்மையார் 1879ஆம் ஆண்டு திக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். இலங்கையில் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலுள்ள முகங்களின் அழகையும் கம்பீரத்தையும் எவரும் மறுக்கமுடியாது. டார்வின் படத்தின் கீழே டார்வின் என்று எழுதியிருக்கிறது. களுத்துறைப் படத்தின் கீழே குடியானவர் கூட்டம் என்று எழுதியிருக்கிறது.

இது அம்மையாரின் குற்றமென்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். கொழும்பிலும் கண்டியிலும் இருந்த ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே ஆகிய படநிலையங்கள் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களை எடுத்து உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்ற படங்களுக்குக் கணக்கில்லை. மூக்குத்தி தெரியும், காதணி தெரியும், கூடையின் பின்னல்கூடத் தெரியும், பெயர்மட்டும் தெரியாது. கந்தோர் மேசையில் செக்ரோல் புத்தகத்தைத் திறந்தால் அதே பெண்ணுக்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் இருந்தன. படம் எடுத்தவர் அந்த மேசைப் பக்கம் போய்க் கேட்டாரில்லை.

இதற்கிடையே 1888இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் ‘கொடக்’ என்ற கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூறு படம் எடுத்துவிட்டுப் பெட்டியோடு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், கழுவி அச்சிட்டுப் புதுச் சுருளும் போட்டு அனுப்பிவிடுவார்கள். 1900இல் ஒரு டொலருக்கு ‘பிரௌனி’ என்ற பெட்டிக் கமராவும் வந்தது. சிறுவருங்கூட எடுக்கலாம் என்றார்கள். சிறுவரும் எடுத்தார்கள்தான்; ஆனால் ஒரு டொலர் கூலிக்கு எத்தனை நாள் மலையேறவேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர் வீட்டுச் சிறுவர் எடுக்கவில்லை. 1924இல் புகையிரதம் பதுளைவரை வந்தபிறகு சுருள்கள் கொழும்புக்குப் போய்த் திரும்புவது எளிதாயிற்று. துரைமார் பங்களா மேசைகளில் பெட்டிக் கமராக்கள் புகையிலை டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டன. தோட்டத்தில் விசேஷமென்றால் ஸ்டோருக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். துரை நடு நாற்காலியில். கிளாக்கர், டீமேக்கர் பக்கத்து நாற்காலிகளில். கங்காணிமார் பின்னால் நின்றபடி. தொழிலாளர், தேயிலைச் செடிகளோடு செடியாக, எங்கோ படத்தின் ஓரத்தில்.

இந்த மேசையிலுள்ள மடக்குக் கமரா அப்படியொரு பங்களாவிலிருந்து வந்ததுதான். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகித் துரைமார் பெட்டி கட்டியபோது, கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருந்த சின்னக் கிளாக்கரிடம் துரை இதைக் கொடுத்துவிட்டுப் போனார். லயத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, பென்சிலுக்குக் கூரிட்டுக் கூரிட்டு முன்னுக்கு வந்தவர் அவர். அவருடைய பரம்பரையில் மேசைக்குமுன் நாற்காலியில் அமர்ந்த முதலாமவரும் அவரே. கமராவைக் கண்டதும் வீட்டில் முதற்பகை அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்பது அவருடைய கட்சி. தாயாரின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று எவரும் எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஒருவர் படத்துக்கு அமர்ந்தார் என்றால் அவர் ஊரைவிட்டுப் போகப்போகிறார் என்பதே பொருளாக இருந்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. போகிறவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அதுவரை கமராவின் முகத்தையே கண்டிராத குடும்பங்கள் மலையிலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, படநிலையத்து வாங்கில் வரிசையாக அமர்ந்தன. சீப்பு அங்கே இருந்தது. பவுடர் டப்பா இருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தாமலிருக்கும் ஒரு கறுப்புக் கோட்டும் இருந்தது. திருமணமாகப் போகிறவர் மாட்டிக்கொண்ட அதே கோட்டை நாடு கடக்கப் போகிறவரும் மாட்டிக்கொண்டார். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அசையாதே, சிரிக்காதே, கண் கொட்டாதே என்றார். சிரிக்காதே என்று அவர் சொல்லியிருக்கவேண்டியதில்லை. பிறகு தலைமன்னாருக்கு ரயில்; அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். எத்தனையோ வீடுகளில், போன உறவினருடைய படமென்று எஞ்சியது கடவுச்சீட்டுக்கு எடுத்ததில் மிஞ்சிய ஒரு பிரதி. அது தபால்தலையைவிடச் சற்றே பெரிது.

போகாமல் நின்றவர்களுக்கும் படம் இலேசில் வாய்க்கவில்லை. 1972இல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கிய பிறகும், பிறப்புப் பத்திரம் இல்லை, பிரசாவுரிமைக் கடிதம் இல்லை என்று பல்லாண்டுகள் படமும் அட்டையும் இல்லாமல் இருந்தவர் பலர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு ஒருவாறு தீர்ந்தது.

புதிய கமராவின் பாட்டனாரும் ஒரு மேசைப் பொருளே. 1975ஆம் ஆண்டில், கொடக் கம்பனியின் ஆய்வுகூட மேசையொன்றில், ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் சுருளில்லாத கமராவொன்றைக் கட்டினார். பாண் வாட்டும் கருவி அளவு. எட்டு இறாத்தல் நிறை. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி பிடித்தது. படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள். பேத்தியின் கைத்தொலைபேசியில் அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். சுருள் விற்று வாழ்ந்த கம்பனி, சுருள் வேண்டாத பிள்ளையைத் தன் வீட்டிலேயே பெற்று, அதை எப்படி வளர்ப்பதென்று தெரியாமல் நின்று, 2012 ஜனவரியில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. அதே 1975இல் மடுல்சீமையில் துரையின் கமரா கைமாறியது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கம்பனித் தோட்டமும் கம்பனிக் கமராவும் ஒரே ஆண்டில் ஆட்டங்கண்டன.

அந்தப் பிள்ளையின் பேரன்தான் மேசை வேண்டாத கமரா. மேசையில்லாதவர் மடியிலும் அது இருக்கும், படங்குக்குள்ளும் இருக்கும். அதனால் என்ன நேர்ந்தது என்பதற்கு மடுல்சீமையிலேயே சான்று உண்டு. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் செம்மஞ்சள் புள்ளி விழுந்து இலை உதிர்கிறதென்று இலங்கையில் முதன்முதலாகக் கண்டது இந்த மடுல்சீமைப் பகுதியில்தான். பேராதனைத் தாவரவியல் தோட்டத்துத் துவைற்ஸ் அவர்கள் மூலம் இலை கப்பலேறி, வாரக்கணக்கில் கடல் கடந்து இங்கிலாந்து போய், பேர்க்லி என்ற பூஞ்சணவியல் அறிஞரின் மேசையை அடைந்தது. அவர் நுண்ணோக்கியில் பார்த்து அதற்குப் பெயரிட்டார். இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. இன்று தேயிலை இலையில் கொப்புளம் கண்டால், மலையில் நிற்கிற கங்காணியே அதைப் படமெடுத்து அந்தக் கணமே உரியவருக்கு அனுப்பிவிடலாம். கமரா இல்லாத காலத்தில் இலைமட்டும் மேசைக்குப் போயிற்று. இலையை முதலில் கண்ட தொழிலாளி யாரென்று கேட்பாரில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. கொழுந்து நிறுக்குமிடத்தில் பைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு போடுவது பழைய வழக்கம். அதன்மேல் சச்சரவும் பழைய வழக்கம். இப்போது தராசு காட்டும் எண்ணைப் பெண்கள் படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சம்பளத் துண்டையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மாதமுடிவில் பேச்சு வந்தால், மடியிலிருந்து அது வெளியே வருகிறது. கந்தோர் மேசையில் பேரேடு இருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கத்திலும் இப்போது ஓர் ஏடு இருக்கிறது. மேசைக்குப் பின்னால் நாற்பதாண்டு அமர்ந்திருந்த நம் கிளாக்கருக்கு இந்தப் பழக்கம் முதலில் பிடிக்கவில்லை. தம் கையெழுத்தை நம்பாமல் படமா என்று கேட்டார். பிறகு யோசித்துப் பார்த்து, அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் தாமும் இன்னும் கவனமாக எழுதியிருப்போம் என்று ஒப்புக்கொண்டார்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது இந்தக் கண்ணாடித் துண்டே வகுப்பறையும் ஆயிற்று. 2021இல் பக்கத்து லுணுகலைப் பகுதியில், அலை கிடைக்கவில்லையென்று காட்டுக்குள் மலையுச்சியிலே மரத்தின்மேல் கட்டிய குடிலில் ஏறிப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். பெரியவர்கள் அவர்களுக்குத் துணையாகப் போனார்கள். செய்தியை உலகப் பத்திரிகைகள் எல்லாம் வெளியிட்டன. கொப்பியில் எழுதிய விடையைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்ப முப்பதடி உயரம் ஏறவேண்டியிருந்தது. அங்கேயும் மேசையில்லை; முழங்கால்தான் மேசை.

புதியதன் குறையையும் சொல்லாவிட்டால் நடுநிலை தவறியதாகும். அதற்குள் பல்லாயிரம் படம் இருக்கும்; வேண்டிய படம் இராது. பேத்தி கேட்டால் ‘இதோ’ என்று தேடத் தொடங்குவாள். நாய்க்குட்டி வரும், நூடில்ஸ் வரும், பாதி மூடிய கண்ணோடு தோழியர் வருவார்கள்; பாட்டியின் படம் வராது. ஒருநாள் பீலிக்கரையில் அது விழுந்து உடைந்தால் ஏழாண்டுப் படங்கள் ஒரே நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். தபால்தலையளவுக் கடதாசிப் படமோ ஐம்பது ஆண்டு தகரப் பெட்டிக்குள் வேட்டிக்கடியில் கிடந்து, மஞ்சளாகி, மூலை மடிந்து, ஆனாலும் இருக்கிறது.

சென்ற ஆவணியில் அந்த மேசைமேல் அப்படியொரு படம் வைக்கப்பட்டது. கிளாக்கரின் மனைவியுடைய அக்காள், பதுளையில் எடுத்தது, கப்பலேறியவர். பேத்தி அதைத் தன் கைத்தொலைபேசியில் படமெடுக்கவேண்டும் என்றாள். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வரும், காற்றும் வரும். கிளாக்கர் பழைய கமராவை எடுத்துப் படத்தின் ஓரத்தில் பாரமாக வைத்தார். கைத்தொலைபேசி மேலே நின்று பார்த்தது. மடக்குக் கமரா கீழே பிடித்துக்கொண்டது. படத்தின் கீழே எழுதுவதற்குப் பெயர் கேட்டாள் பேத்தி. பாட்டி பெயரைச் சொன்னார். தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், பிரட்டு எண், எல்லாம் சொன்னார். பேத்தி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

“நீங்களும் இதுல உக்காருங்க அப்பாயி, ஒண்ணு எடுப்போம்” என்றாள் பிறகு.

பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் முதுகு நிமிர்ந்து அமர்ந்தார். கை இரண்டும் முழங்கால்மேல். பார்வை நேரே. பேத்தி ஏழெட்டுப் படம் எடுத்து, அவற்றில் மூன்றை அழித்து, ஒன்றை இந்தியாவிலிருக்கும் பெரியம்மா மகனுக்கு அனுப்பி, அவர் பதில் எழுதி, அதற்கும் பதில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பாட்டி இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் அமர்ந்திருந்தார்.

“எடுத்தாச்சு அப்பாயி” என்றாள் பேத்தி.

“சொல்லவே இல்லியே” என்று சொல்லிக்கொண்டே பாட்டி மூச்சை விட்டார்.